பாடகி அர்கிப்போவா நியூயார்க் மெட் ஓபரா அரங்குக்கு வந்தது 1997இல் என்றால், அதற்கு முன் பாடியதெல்லாம் கணக்கில் இல்லையா?

கருங்குயில் எழுதியது:
ரஷ்யப் பாடகி எலேனா ஒப்ராஸ்த்சோவாவைப் பற்றிய இழையில் மணிமிடறு, "இரினா அர்கிப்போவா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாகப் பாடியது 1997இல்தான், அதுவும் கிழச் செவிலி வேடத்தில், அவரை உலகத்தரமான மெஸ்ஸோ-சொப்ரானோ (பெண்களின் இடைநிலைக் குரல்) என்பது சோவியத் விளம்பரத்தின் மிச்சம்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1925இல் மாஸ்கோவில் பிறந்து, கட்டடக்கலை பயின்று பட்டம் பெற்ற பிறகே முழுநேர இசைக்கு வந்து, ஸ்வெர்த்லோவ்ஸ்க் அரங்கில் பாடிப் பழகி, 1956இல் மாஸ்கோவின் பல்ஷோய் மேடையில் கார்மெனாக அறிமுகமானவர் அவர். 1967இல் மிலானின் லா ஸ்காலாவில் முசோர்க்ஸ்கியின் 'ஹோவான்ஷ்சினா' ஓபராவில் மார்ஃபா; 1972இல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்டியின் 'ஐடா'வில் அம்னேரிஸ்; அதே ஆண்டு பிரான்சின் ஒராஞ்ச் திறந்தவெளி அரங்கில் பாடகி மொன்செராத் கபாயேவுடன் வெர்டியின் 'இல் த்ரோவதோரே'வில் அசுசேனா; 1975இல் லண்டன் கவெண்ட் கார்டனில் மீண்டும் அசுசேனா. இந்த மேடைகள் எல்லாம் உலகத்தில் இல்லையா?

மணிமிடறு எழுதியது:
நீண்ட பட்டியல் தந்தீர்கள், நன்றி. ஆனால் 1997 என்ற ஆண்டை நீங்கள் மறுக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 72. ஒப்ராஸ்த்சோவா 1976இல், தம் 37ஆம் வயதில், அதே மெட் மேடையில் அம்னேரிஸ் பாடினார். நான் கேட்டது 1997ஐப் பற்றி. பதில் வந்தது மிலானைப் பற்றி.

நெடுவயல் எழுதியது:
உலகத்தரம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. மெட் அரங்கில் பாடுவதா, குரலின் தகுதியா, இசைத்தட்டுகளா?

கருங்குயில் எழுதியது:
சோவியத் பாடகர் வெளிநாட்டு அரங்கோடு தாமே ஒப்பந்தம் போட முடியாது என்பது மணிமிடறுக்குத் தெரியாததல்ல. யார், எந்த நாட்டுக்கு, எப்போது போகலாம் என்பதைக் கோஸ்கன்சர்ட் என்ற அரசு நிறுவனம் முடிவு செய்தது. ஊதியத்தின் பெரும்பகுதியும் அரசுக்கே போயிற்று. அழைப்பு வந்தாலும் போக முடியாமற்போன காலத்தில், ஒரு குறிப்பிட்ட அரங்கில் பாடவில்லை என்பதைப் பாடகியின் குறையாக எழுதுவது நியாயமே அல்ல.

மணிமிடறு எழுதியது:
அதே கோஸ்கன்சர்ட்தான் ஒப்ராஸ்த்சோவாவையும் ஆண்டது. அவர் 1976இல் போனார், இவர் 1997இல் போனார். ஒரே வாசல் ஒருவருக்கு இருபத்தொரு ஆண்டுகள் முன்னதாகத் திறந்தது ஏன் என்பதற்கு உங்களிடம் விடை இல்லை.

கருங்குயில் எழுதியது:
விடை இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். ஒப்ராஸ்த்சோவா 1939இல் பிறந்தவர்; இருவருக்கும் இடையே பதினான்கு ஆண்டு இடைவெளி. ஒப்ராஸ்த்சோவாவின் 37ஆம் வயது அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நெருங்கிவந்த எழுபதுகளில் வாய்த்தது. அர்கிப்போவாவின் 37ஆம் வயது 1962இல் வந்தது; கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை நிறுவியதற்காக இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்ற ஆண்டு அது. உறவு சீரடைந்த நேரத்தில் இவர் ஐம்பதை நெருங்கிவிட்டார், அப்படியும் 1972இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். இதைக் காலத்தின் கோளாறு என்று சொல்லாமல் குரலின் கோளாறு என்று எழுத எப்படி மனம் வந்தது?

தேன்மொழி_க எழுதியது:
காலத்தை விடுங்கள். 1959இல் இத்தாலியப் பாடகர் மாரியோ டெல் மொனாக்கோ மாஸ்கோவுக்கு வந்து அவரோடு 'கார்மென்' பாடியிராவிட்டால் அர்கிப்போவாவை இத்தாலி அறிந்தே இருக்காது. நேப்பிள்ஸும் ரோமும் அவருக்குக் கிடைத்தது அந்தத் துணையால்தான் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

கருங்குயில் எழுதியது:
டெல் மொனாக்கோ வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அவர் பல்ஷோய் மேடையில் கார்மென் என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். பெரிய பாடகர் ஒருவர் பக்கத்தில் நின்றார் என்பதற்காகப் புகழ் முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது பெண் பாடகிகளுக்கு மட்டுமே நடக்கிறது.

மணிமிடறு எழுதியது:
அர்கிப்போவா சோவியத் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் உறுப்பினராக இருந்தவர், சோசலிச உழைப்பின் வீரர் பட்டம் பெற்றவர். அவருக்கு வாசல் மூடியிருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முன்பு நான் ஒப்ராஸ்த்சோவாவின் அம்னேரிஸைப் புகழ்ந்தபோது, "மிகைநடிப்பு" என்ற ஒரே சொல்லில் நீங்கள் ஒதுக்கித் தள்ளியதை நான் மறக்கவில்லை. இப்போது காலத்தையும் அரசியலையும் துணைக்கு அழைக்கிறீர்கள். 1997 அப்படியே இருக்கிறது.

கருங்குயில் எழுதியது:
அந்தச் சொல்லை நான் இன்றும் திரும்பப் பெறவில்லை. பட்டங்களைப் பேசுவதை விட்டு, 1973இல் பதிவான, ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஜாரின் மணப்பெண்' ஓபரா இசைத்தட்டைக் கேளுங்கள். முதல் அங்கத்தில் லுபாஷா (அர்கிப்போவாவின் வேடம்) ஒரு பாட்டுப் பாடுகிறாள். வாத்தியம் ஒன்றுகூட இல்லை, விருந்தினர் சூழ்ந்திருக்கத் தனிக்குரல் மட்டும். சுருதி கொஞ்சம் இறங்கினாலும் இசைக்குழு மீண்டும் சேரும்போது காட்டிக்கொடுத்துவிடும். அர்கிப்போவா அதை அழுகையாக்காமல், மூச்சைச் சிதறவிடாமல், ஒரே நேர்கோடாகக் கீழ்ஸ்தாயி வரை கொண்டுபோகிறார். அவள் துயரம் அந்த அடக்கத்தில்தான் தெரிகிறது. 'ஹோவான்ஷ்சினா'வில் மார்ஃபா, இளவரசன் கோலித்சினுக்கு நீரைப் பார்த்துக் குறி சொல்லும் காட்சியிலும் இதே அடக்கம். ஆரவாரம் செய்யாத குரலை நியூயார்க் பின்னால்தான் கேட்டது என்றால் இழப்பு நியூயார்க்குக்கு. மெட்டில் அவர் பாடிய, 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவின் செவிலி ஃபிலிப்பெவ்னாவையும் இகழாதீர்கள்: தத்யானா கடிதம் எழுதும் இரவு அவளோடு பேசுவதில்தான் தொடங்குகிறது, விடிந்ததும் கடிதம் அவள் கையில்தான் போகிறது. 72 வயதில் அதை மெட் மேடையில் பாடும் அளவுக்குக் குரலைக் காத்தவர் எத்தனை பேர்?

தேன்மொழி_க எழுதியது:
அந்த இசைத்தட்டில் மார்ஃபாவாகப் பாடிய விஷ்னேவ்ஸ்காயாவைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை? பதிவின் உயிர் அவரே.

கருங்குயில் எழுதியது:
இழை அவரைப் பற்றியது அல்ல. அத்துடன், இரண்டு ஓபராக்களிலும் மார்ஃபா என்ற பெயர் வருவதால் குழப்ப வேண்டாம். நான் சொன்னவள் முசோர்க்ஸ்கியின் மார்ஃபா.

மணிமிடறு எழுதியது:
குழம்பவில்லை. 1973இல் அர்கிப்போவாவுக்கு 48 வயது; மேல்ஸ்தாயியில் இறுக்கம் கேட்கிறது. ஒப்ராஸ்த்சோவா பாடிய லுபாஷாவை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். 1997ஐப் பற்றியும் இன்னும் பதில் வரவில்லை.

கருங்குயில் எழுதியது:
மூன்று முறை பதில் சொல்லியாயிற்று. இறுக்கம் எந்த இடத்தில் கேட்கிறது என்று அங்கத்தையும் வரியையும் குறிப்பிட்டு எழுதுங்கள், அதற்கும் பதில் தருகிறேன்.