மறு: அற்ககோலுக்கு ‘நீரகற்றல்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

அற்ககோலிலிருந்து நீர் பிரியும் தாக்கத்துக்குப் பாடநூலில் ஊறிப்போன ‘நீரகற்றல்’ என்ற சொல்லை ஏன் கிளறுவான் என்று கேட்டிருந்தீர்கள். கிளறியது நானல்ல, வெள்ளவத்தை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை. எதனோல் என்ற அற்ககோலைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் எதீன் வரும் என்று பலகையில் எழுதினேன். “சேர், தூய எதனோல் எண்டீங்களே, அதுக்குள்ள தண்ணி எங்க இருந்தது?” என்றாள்.

நியாயமான கேள்வி. செப்புச் சல்பேற்றின் நீலப் பளிங்கைச் சூடாக்கினால் உள்ளே இருந்த 5 நீர் மூலக்கூறுகள் வெளியேறி வெண்தூள் மிஞ்சும். அது நீரகற்றல்தான். எதனோலில் இருப்பதோ ஐதரொட்சில் (OH) கூட்டம், லேசில் கழராது. அமிலம் ஒரு புரோத்தனை (H⁺) கொடுத்த பிறகே ஒட்சிசன் நேரேற்றம் பெற்று, முழு நீர் மூலக்கூறாகக் கழர்கிறது. பக்கத்துக் காபனும் ஒரு புரோத்தனை விட்டுக்கொடுக்க, இரட்டைப் பிணைப்பு பிறக்கிறது.

அகற்றல் பிறவினை, யாரோ எடுத்து வீசுவதுபோல் இருக்கிறது. இங்கே கூட்டம் நீராக மாறித் தானே நீங்குகிறது. ஆகவே ‘நீராய்நீங்கல்’ என்கிறேன். மூலக்கூறிலிருந்து ஒரு துண்டு பிரிவதைச் சொல்லும் ‘நீக்கல் தாக்கம்’ என்ற பழைய சொல்லோடும் உறவு விடாது, வைத்தியர்கள் சொல்லும் நீரிழப்போடும் குழம்பாது.

*

தம்பி, சொல் நல்லாயிருக்கு. ஆனால் அல்டோல் ஒடுக்கத்துக்கு (இரண்டு சேதன மூலக்கூறுகள் இணைந்து, பிறகு ஐதரொட்சிலை இழக்கும் தாக்கம்) என்ன செய்வீர்? கார ஊடகத்தில் அந்தக் கூட்டம் ஐதரொட்சைட்டு அயனாகவே வெளியேறுகிறதே. 1968இல் பீற்றர்சன் வெளியிட்ட, சிலிக்கன் கொண்ட அற்ககோலிலிருந்து அற்கீன் (எதீன் போன்ற இரட்டைப் பிணைப்புச் சேர்வை) ஆக்கும் முறையைக் காரத்தில் செய்தால் ஒட்சிசன் சிலிக்கனையும் கூட்டிக்கொண்டு போகிறது. நீர் எங்கே?

*

சரி ஐயா, மடக்கிவிட்டீர்கள். பொதுச்சொல் ‘ஐதரொட்சில் நீங்கல்’ என்று இருக்கட்டும். அமில வழிக்கு மட்டும் நீராய்நீங்கல், அல்டோலுக்கு அயனாய்நீங்கல். சிலிக்கனோடு கிளம்பும் ஒட்சிசனுக்கு இரண்டு நாளாக யோசித்தும் ‘உடன்போக்கு’ ஒன்றுதான் வாயில் வருகிறது. அகத்திணை படிப்பிக்கும் ரீச்சர் பக்கத்து வகுப்பறையில்தான் இருக்கிறா, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.