‘கலெக்டிங்’ எப்போது வினை, எப்போது பெயர்?

கேள்வி (வெள்ளவத்தை)
வணக்கம். என் மகள் பத்தாம் தரத்தில் படிக்கிறாள். ‘ஹிஸ் ஹாபி இஸ் கலெக்டிங் ஸ்டாம்ப்ஸ்’ என்பதில் வினை எது என்று பயிற்சித்தாளில் கேட்டிருந்தார்கள். ‘இஸ் கலெக்டிங்’ என்று அவள் எழுதிய விடை காரணம் எதுவும் குறிப்பிடப்படாமல் வெட்டப்பட்டிருந்தது. ‘ஹீ இஸ் கலெக்டிங் ஸ்டாம்ப்ஸ்’ என்பதில் வினையாக நிற்கும் அதே சொற்கள் இங்கே ஏன் வினையாகா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)
முத்திரை சேர்ப்பது யார் என்று மகளிடம் கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் சேர்ப்பவன் ‘அவன்’. ஆகவே தமிழில் ‘சேர்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று வினைமுற்று வருகிறது. முதலாவதன் எழுவாயோ பொழுதுபோக்கு; அது எதையும் சேர்க்காது. ‘அவனது பொழுதுபோக்கு முத்திரை சேர்த்தல்’ எனத் தொழிற்பெயரே வருவதால், அங்கே ‘இஸ்’ மட்டுமே வினை. அதனைக் ‘கலெக்டிங் ஸ்டாம்ப்ஸ் இஸ் ஹிஸ் ஹாபி’ என்று முன்பின்னாக மாற்றலாம். மற்றதை அவ்வாறு மாற்ற இயலாது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. தொழிற்பெயர் ‘உங்’ அல்லது ‘இங்’ என்றும், எச்சம் ‘எண்டெ’ என்றும் முடிந்தன. இடைக்கால ஆங்கிலத்தில்தான் இரண்டும் ‘இங்’ என்ற ஒரே விகுதிக்குள் வந்து சேர்ந்தன. தமிழோ தூங்குதல், தூங்கும், தூங்கிக்கொண்டு என இன்றும் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வாய்த்த இந்த அளவுகோலை ஆங்கில வகுப்பில் எடுக்கத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மறுமொழி (பம்பலப்பிட்டி)
ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆயினும் பெயருக்கு முன் ‘இங்’ வரும்போது சற்று நிதானம் வேண்டும். ‘ஸ்லீப்பிங் பேபி’ தூங்கும் குழந்தை என்பதால், என் மகன் ‘ஸ்லீப்பிங் பேக்’ என்பதையும் ‘தூங்கும் பை’ என்றே எழுதினான். பை தூங்குவதில்லை, அது தூங்குவதற்கான பை, எனவே அந்த ‘ஸ்லீப்பிங்’ தொழிற்பெயர். காதும் இதற்கு உதவும்: ‘ஸ்லீப்பிங் பேக்’ என்பதில் அழுத்தம் முதற்சொல்லில் விழும், ‘ஸ்லீப்பிங் பேபி’யில் பொதுவாக ‘பேபி’யில் விழும்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. ‘வெயிட்டிங் ரூம்’ என்றதும், அறை யாருக்காகவும் காத்திருக்காது என்று மகளே சொல்லிவிட்டாள். ஆனால் ‘இன்ட்ரஸ்டிங் ஸ்டோரி’யில் தடுமாறுகிறாள்.

மறுமொழி (கொட்டாஞ்சேனை)
முன்னால் ‘வெரி’ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வெரி இன்ட்ரஸ்டிங்’ பொருந்துகிறது. ஆகவே அது முழுப் பெயரடையாகிவிட்டது. ‘வெரி ஸ்லீப்பிங் பேபி’ என்று எவரும் சொல்வதில்லை.