இயற்பியலைத் தொடாமல் நர்சிங் நுழைவுத் தேர்வு எழுதலாமாம்!

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

நேற்று ஈரோடு பேருந்து நிலையத்தில் ஒரு பையன் என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்துவிட்டுப் போனான். நர்சிங் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிற ஒரு மையம் அச்சிட்டது. பெயரை எழுதி அவர்களுக்கு இலவச விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. "உயிரியலைக் கரைத்துக் குடியுங்கள், இயற்பியலை மறந்துவிடுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எய்ம்ஸ் நடத்தும் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங் தேர்வில் 2 மணி நேரத்தில் 100 கேள்விகள். இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. இயற்பியலை மறந்துவிட்டுப் போகிற பெண், தேர்வுக் கூடத்தின் படியேறும் முன்பே 30 மதிப்பெண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள். பாவு பூட்டாமல் வெறும் ஊடையை வைத்துத் தறி ஓட்டச் சொல்லுகிற இந்த அறிவாளி யார்?

திருச்செங்கோடு பயிற்றுநர்

அந்தப் பிரசுரம் என்னுடையதன்று. ஆனால் அதிலுள்ள கருத்தை நான் பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறேன் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நீட் தேர்வில் 180 கேள்விகளில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360, அதாவது சரிபாதி, அங்கேதான் இருக்கிறது. இராணுவச் செவிலியர் பணிக்கான நான்காண்டு பி.எஸ்சி. படிப்பின் 220 இடங்களுக்கும் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். இயற்பியல் என்றாலே கை நடுங்குகிற ஒரு பெண்ணிடம், மே மாதத் தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கையில் சுழல் இயக்கத்தையும் மின்காந்தத் தூண்டலையும் திணிப்பது அவளுக்குச் செய்யும் உதவியா, கொடுமையா? 90 என்ற எண்ணை அம்மா ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

நிதானமாகவே பார்த்தேன். 100-இல் 30. என் எண் மாறவில்லை.

சோமனூர் தறிக்காரர்

இருவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். எட்டுத் தறி ஓட்டிப் படிக்க வைக்கிறேன், ஆகையால் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டு அரசின் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் என்று அவளுடைய ஆசிரியை சொன்னார். தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை 2007-08 முதலே எடுத்துவிட்டார்கள் என்பதும் நினைவிருக்கிறது. நீங்கள் எந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

திருச்செங்கோடு பயிற்றுநர்

அண்ணா, தேர்வு எதுவாக இருந்தாலும் உயிரியல்தான் அடித்தளம்.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

எதுவாக இருந்தாலும் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. 30 என்கிறேன்.

நொய்யல் கரை

கணக்குப் போடாமல் சண்டை போடுகிறீர்களே என்று நுழைகிறேன். எய்ம்ஸ் தேர்வில் சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. 30 இயற்பியல் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், நான்கில் ஒன்று என்ற விகிதப்படி ஏழரை சரியாகும், இருபத்திரண்டரை தவறாகும்; தவறுகளுக்கான கழிவும் ஏழரை. கையில் நிற்பது சுழியம். ஒரு விடையை மட்டும் உறுதியாக விலக்க முடிந்தால் கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் மிஞ்சும். இரண்டை விலக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஆகவே இயற்பியலை முழுவதும் படிக்கவும் வேண்டாம், முழுவதும் விடவும் வேண்டாம், அலகுகளையும் பரிமாணங்களையும் மட்டும் படித்தாலே பாதி விடைகளை விலக்கிவிடலாம்.

திருச்செங்கோடு பயிற்றுநர்

நொய்யல் கரை நண்பரின் கணக்குத் தவறு. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூடக் கேள்விக்குக் கால் மதிப்பெண் மிஞ்சும். 45 கேள்விக்குப் பதினொன்றேகால் மதிப்பெண் சும்மா வருகிறது. சுழியம் என்பது எங்கிருந்து வந்தது?

நொய்யல் கரை

நான் எய்ம்ஸைச் சொன்னேன். நீங்கள் நீட்டைச் சொல்கிறீர்கள். கணிதம் தவறவில்லை ஐயா, நீங்கள் வேறொரு தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்கிற பெண் நாளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பாள். பயிற்றுநர் ஐயா மதிப்பெண்ணைத் தாண்டி ஒரு வார்டுக்குள் கால் வைத்ததில்லை என்பது அவருடைய எழுத்திலிருந்தே தெரிகிறது. குளுக்கோஸ் பாட்டிலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறோம்? திரவக் கம்பத்தின் உயரம்தான் அழுத்தம் என்பதால்; பாட்டிலை இறக்கினால் இரத்தம் குழாயில் ஏறி வருவதை முதலாண்டு மாணவியே பார்த்து அலறுவாள். இரத்த அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்வது எந்தப் பாடம்? நெஞ்சில் குழாய் வைத்திருக்கிற நோயாளிக்கு, காற்று திரும்ப நெஞ்சுக்குள் போகாமல் தடுக்கிற நீர்ப்பூட்டுப் புட்டியில் குழாயின் முனை 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், புட்டி எப்போதும் மார்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். நோயாளியை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோகும்போது அதைக் கட்டில்மேல் தூக்கி வைத்த ஒரு பெண்ணை நான் கண்டித்திருக்கிறேன். அவள் உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள். கருவிகளிலுள்ள கிருமியை நீராவியால் கொல்கிற ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தம் கொடுத்தால் நீராவி 121 டிகிரி செல்சியஸை எட்டுகிறது, அதில் 15 நிமிடம் வைக்கிறோம். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது தவளையை அறுத்துக் கற்றுக்கொண்டதா? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் "பருப்பொருளின் பண்புகள்" என்ற ஒரே பாடத்தில் பாஸ்கல் விதி, பாகியல், பரப்பு இழுவிசை எல்லாம் இருக்கின்றன. இன்னும் ஒன்று சொல்லுகிறேன். 1,000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழுகிற குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் 42. இதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறவளுக்காகவா நோயாளி காத்திருப்பார்?

திருச்செங்கோடு பயிற்றுநர்

அம்மா, 42 சொட்டு என்பது இயற்பியல் இல்லை, ஐந்தாம் வகுப்பு வகுத்தல். அதை இயற்பியல் கணக்கில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

பாய்கிற வீதம் இயற்பியல்தான்.

திருச்செங்கோடு பயிற்றுநர்

வகுத்தல்.

நொய்யல் கரை

நுண்சொட்டுக் குழாயில் மில்லிக்கு 60 சொட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது 125 சொட்டு வரும். இயற்பியலோ வகுத்தலோ, குழாயைப் பார்க்காமல் இரண்டு பேரும் 42-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

பரமத்தி வேலூர் மாணவி

நான் நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தவள். எங்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் ஜூலை மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இருந்த ஆண்டுகளிலாவது அந்தப் புத்தகத்தைத் திறந்தார்கள். 2025-26 முதல் அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. நியூட்டன் விதியையும் வெப்ப இயக்கவியலையும் நான் வகுப்பில் கேட்டதே இல்லை. நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தபோதுதான் பாதிப் பாடத்திட்டம் பதினொன்றில் இருக்கிறது என்று புரிந்தது. இயற்பியலைப் படி என்று அம்மா எளிதாகச் சொல்லிவிட்டார். யாரிடம் படிப்பது?

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

கண்ணு, உன் மீது எனக்கு வருத்தமில்லை. கோழிப் பண்ணை மாதிரி அடைத்து வைத்துப் பன்னிரண்டாம் வகுப்பைத் தீவனமாகக் கொடுத்து எடை போடுகிற பள்ளிகள்தான் இந்த நிலைக்குக் காரணம். அங்கே விட்ட இயற்பியலைத்தான் இங்கே "மறந்துவிடுங்கள்" என்று பிரசுரம் போட்டு விற்கிறார்கள். அறியாததை எப்படி மறப்பது என்பதை அந்த மையம் விளக்கட்டும்.

ராசிபுரத்தான்

இந்த விவாதத்தில் நான் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நாமக்கல் என்றதும் உடனே கோழிப் பண்ணை என்று பேசுவது கோபிக்காரர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க ஜூன் மாதம் பெட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் உங்கள் வாய்க்கால் பாசன மிராசுதாரர்கள்தான். முட்டையும் வேண்டும், கோழியைத் திட்டவும் வேண்டும் என்றால் எப்படி?

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

நான் என் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்க வைத்தேன். அந்த வரிசையில் என்னைத் தேடாதீர்கள். 30 கேள்வியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லையென்றால் முட்டைக் கணக்கை வேறிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவானிக் கூடுதுறை

நான் பையன். டெல்லி எய்ம்ஸ் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங் பெண்களுக்கு மட்டும். இராணுவச் செவிலியர் படிப்பும் பெண்களுக்கு மட்டும். உங்கள் 30-ம் எனக்கில்லை, பயிற்றுநரின் 220-ம் எனக்கில்லை. புதுச்சேரி ஜிப்மரில் ஆண்களுக்கும் இடமுண்டு என்கிறார்கள். அங்கே எதை வைத்துச் சேர்க்கிறார்கள்?

நொய்யல் கரை

நீட் மதிப்பெண் தம்பி.

திருச்செங்கோடு பயிற்றுநர்

பார்த்தீர்களா, ஜிப்மரிலும் நீட். 180-இல் 90. நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான். அம்மா இவ்வளவு நேரம் வார்டுக் கதைகளைச் சொன்னாரே ஒழிய, சரிபாதி என்பதை ஒரு முறையாவது மறுத்தாரா?

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

சரிபாதியை யார் மறுத்தது? மீதிப் பாதியைத் தூக்கிப் போடச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். உங்கள் நீட்டிலேயே இயற்பியலுக்கு 45 கேள்வி, 180 மதிப்பெண். அதை விட்டால் 720 என்பது 540 ஆகிறது. எய்ம்ஸில் 100 என்பது 70 ஆகிறது. இராணுவப் படிப்பில் நீட்டோடும் முடிவதில்லை. பொது நுண்ணறிவுக்கும் ஆங்கிலத்துக்கும் கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கின்றன. அந்த ஆங்கிலத்தை உங்கள் பிரசுரம் மறக்கச் சொல்லவில்லையே, அடுத்த பதிப்பில் சேர்ப்பீர்களா?

திருச்செங்கோடு பயிற்றுநர்

என் பிரசுரம் இல்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். போன ஆண்டு டிப்ளமோ நர்சிங்கா பி.எஸ்சி.யா என்ற விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் வைத்துப் பேசினீர்கள். அது எனக்கு மறக்கவில்லை.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

எனக்கும் மறக்கவில்லை. மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர்களை "ஊசி போடுகிறவர்கள்" என்று எழுதினீர்கள். நான் டிப்ளமோ படித்தவள்தான். இந்தியாவில் 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கும் முன்பு செவிலியர்கள் எல்லாரும் ஊசி மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார்களா?

திருச்செங்கோடு பயிற்றுநர்

அந்தச் சொல்லை நான் இழிவாகப் பயன்படுத்தவில்லை.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

இழிவாக இல்லாமல் வேறு எப்படிப் பயன்படுத்துவதாம்?

சோமனூர் தறிக்காரர்

மன்னிக்க வேண்டும். மூன்றாவது தேர்வின் பெயரும் வந்துவிட்டது, எனக்கு இன்னும் பதில் வரவில்லை. மகளை மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டும் விண்ணப்பிக்கச் சொல்வதா, நீட்டும் எழுதச் சொல்வதா? கலந்தாய்வு என்றாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் மதிப்பெண் வேண்டும் என்றுதான் ஆசிரியை சொன்னார்.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

கேட்டீர்களா பயிற்றுநரே? சோமனூர் அண்ணாவே இயற்பியல் வேண்டும் என்கிறார்.

திருச்செங்கோடு பயிற்றுநர்

அவர் மூன்றும் வேண்டும் என்றார். அதில் உயிரியலும் இருக்கிறது.

கோபிச் செவிலி (பணி ஓய்வு)

நாளைக் காலையில் "பருப்பொருளின் பண்புகள்" பாடத்திலிருந்து பத்துக் கேள்விகளை இங்கே இடுகிறேன். திருச்செங்கோட்டார் நெஃப்ரானையும் இதய வால்வையும் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு விடை எழுதட்டும். சொட்டுக் கணக்கைச் சேர்க்க மாட்டேன், வகுத்தல் என்று மறுபடியும் அழுவார்.

திருச்செங்கோடு பயிற்றுநர்

தாராளமாக இடுங்கள் அம்மா. நானும் 90 கேள்விகளை இடுகிறேன்.