கதவைச் சாத்திவிட்டு நகர்ந்தால் மட்டும் பதற்றம்: கூண்டுப் பழக்கம் பற்றி உதவி தேவை

எட்டு மாத லாப்ரடார் நாய், கம்பிக் கூண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, கூடவே 10 செ.மீ. விட்டு வாங்கியது, நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது. மூன்று பக்கமும் பருத்தித் துணி, முன்பக்கம் காற்றுக்குத் திறப்பு. கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதால் உள்ளே போகும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுகிறோம்.

கதவு திறந்திருந்தால் தானாகவே போய்த் தூங்குகிறான். சாப்பாடும் உள்ளேதான். சாத்திவிட்டு அருகில் உட்கார்ந்தால் 20 நிமிடம்கூட அமைதி. அறையை விட்டு நகர்ந்தால் இரண்டே நிமிடத்தில் எச்சில் ஒழுக, கதவைப் பிராண்டுகிறான். பல்லும் நகமும் உடையும் வேலை அது, அதனால் நேரத்தை நீட்டவில்லை. 5 நொடி, 10 நொடி என்று வெளியே போய், அவன் முனகும் முன்பே திரும்புகிறோம். 40 நொடியைத் தாண்ட முடியவில்லை.

கேள்விகள்:

இது கூண்டுப் பயமா, தனிமைப் பயமா? கூண்டே இல்லாமல் தடுப்புக் கதவு போட்ட அறையில் விட்டுக் காணொளி எடுத்துப் பார்த்தால் தெளிவாகுமா?

பஞ்சு மெத்தையைக் கிழித்து விழுங்கப் பார்க்கிறான். குடலில் அடைக்கும் என்று எடுத்துவிட்டோம். கூண்டின் வெறும் அடித்தட்டில் முழங்கை காய்த்துப்போகுமே, கிழியாத விரிப்பு எது? தட்டு கடகடப்பதும் அவனை எழுப்புகிறது (அடியில் ரப்பர் பாய் போட்டால் போதுமா?).

"குரைக்கட்டும், பழகிவிடும்" என்ற யோசனை மட்டும் வேண்டாம்.