போர்ட் எட்வர்ட் பச்சைக் கல்: உருகி வந்ததா, உருமாறியதா?

பாறைப்பித்தன், டர்பன்:
ஞாயிற்றுக்கிழமை கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து தென்னாப்பிரிக்காவின் போர்ட் எட்வர்ட் கரைப்பாறைகளில் மூன்று மணி நேரம் சுற்றினேன். மேலே துருப்பிடித்த பழுப்பு, உடைந்த முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற மங்கல் பச்சை, லென்ஸ் வைத்தால் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன், நம் பல்லாவரத்துக் கல்லின் சொந்தம்தான், சார்னோக்கைட் வகை. என் கட்சி இதுதான்: இது குழம்பாக உருகி வந்ததல்ல, சூட்டிலும் அழுத்தத்திலும் கல்லாகவே இருந்து மாறிய உருமாற்றப் பாறை. பழைய நைஸ் (வரிவரியாக இருக்கும் உருமாறிய பாறை) ஆழத்தில் நீரை இழந்து இப்படி ஆகியிருக்கிறது. கர்நாடகத்துக் கப்பால்துர்காவில் சாம்பல் நைஸுக்குள் பச்சை திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பதை நேரில் பார்த்தவன் நான்.

தேவி, பீனிக்ஸ்:
அண்ணா, கப்பால்துர்காவை இங்கே ஒட்டவைக்காதீர்கள். அங்கே நைஸின் வரிகள் பச்சைத் திட்டுக்குள்ளும் மங்கலாகத் தொடரும், அதனால்தான் அதை உருமாற்றம் என்கிறார்கள். போர்ட் எட்வர்டில் நீங்கள் அப்படி ஒரு வரியையாவது பின்தொடர்ந்து போனீர்களா? பதிவில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பச்சை நிறமும் ஹைப்பர்ஸ்தீனும் பாறைக்குழம்பு வறண்ட நிலையில் இறுகினாலும் வரும். இது சுமார் 100 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் உள்ளே புகுந்த குழம்பு, ஒரிபி கார்ஜ் பாறைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உருமாறிய பாறை வேண்டுமென்றால் பக்கத்தில் லெய்ஷர் பேயில் கார்னெட் என்ற கனிமம் உள்ள நைஸ் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பாறைப்பித்தன்:
வரியைத் தேடவில்லை, ஒத்துக்கொள்கிறேன், அது என் தவறு. ஆனால் புவியியலாளர் ஹாலண்ட் 1893இல், கல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டிய நாளிலிருந்தே இந்தச் சண்டை ஓயவில்லை. குழம்பு என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

குமார், சாட்ஸ்வொர்த்:
இருவரும் நிக்கல்சன்ஸ் பாயின்ட் கிரானைட்டை விட்டுவிட்டீர்கள். கார்னெட் உள்ள வெளிர் நிறக் கல் அது. உள்ளே புகுந்த குழம்பின் சூட்டில் நீர் வெளியேறி, அந்த கிரானைட்டே ஓரங்களில் சார்னோக்கைட்டாகியிருக்கிறது.

தேவி:
சரி, அந்த ஓரத்தை நானும் உருமாற்றம் என்றே சொல்வேன். ஆனால் சூடு கொடுத்த கல் குழம்பாக வந்ததுதானே? அண்ணன் மூன்று மணி நேரம் நின்றது அந்தக் கல்லின் மேல்.

பாறைப்பித்தன்:
அடுத்த முறை கடல் இறங்கும்போது பச்சைக் கல்லும் கிரானைட்டும் தொடும் இடத்துக்கே போகலாம், நீயும் வா தங்கச்சி. சுத்தியல் வேண்டாம், அலை கழுவிய முகமே போதும். வரி உள்ளே போகிறதா, வெட்டுப்படுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.