படத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் இருபது நிமிடம் பார்க்கவைப்பது சரியா?

கோடும் நிறமும்:
சனிக்கிழமை ஓவிய வகுப்பில் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர். போன வாரம் பீட்டர் புரூகெல் 1565ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ நிலக்காட்சியைப் புரொஜெக்டரில் போட்டேன். ஓவியர் யார், எந்த நாடு, எந்தக் காலம், எதுவும் சொல்லவில்லை. இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது, கண்ணில் பட்டதை நோட்டில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது நிமிடத்தில் எல்லாருடைய நோட்டிலும் ஒரே பட்டியல்: பனி, மரம், நாய், மூன்று பேர், மலை. “முடிச்சாச்சு மிஸ்” என்று பேனாவை மூடிவிட்டார்கள். நான் படத்தை மாற்றவில்லை. பத்து நிமிடம் தாண்டிய பிறகுதான் நோட்டுகள் நிறைய ஆரம்பித்தன. மூன்று வேட்டைக்காரர்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்கள் சோர்ந்துபோய் வருகின்றன. விடுதியின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. கீழே வலப்பக்கம் தண்ணீர் ஆலையின் சக்கரம் உறைந்து நிற்கிறது. ஒரு பெண் சுள்ளிக்கட்டோடு பாலத்தைக் கடக்கிறாள். வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள், அவர்கள் முகத்தில் என்ன இருக்கும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

ஆனால் இன்னொரு ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, பாடம் நடத்தாமல் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரலாற்று வாத்தியார்:
டீச்சர், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விஷயம் தெரியாமல் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கிடைப்பது யூகம்தான். விடுதி வாசலில் எரிகிற தீயைப் பிள்ளைகள் என்னவென்று எழுதினார்கள்? ‘குளிர் காய்கிறார்கள்’ என்றுதானே?

அது பன்றியின் மயிர் வாட்டுவதற்கான தீ என்பது பரவலான விளக்கம். அந்தக் கால ஐரோப்பியப் பிரார்த்தனைப் புத்தகங்களில் மாதத்துக்கு ஒரு வேலையைப் படமாகப் போடுவார்கள். குளிர்கால மாதத்துக்குப் பன்றி அடிப்பது. இந்தப் படமும் அந்த மரபில் வந்தது. ஆன்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க் என்பவருக்காக வரைந்த மாதங்களின் வரிசையில் ஒன்று. இன்று மிஞ்சியவை ஐந்து: வியன்னாவில் மூன்று, நியூயார்க்கில் ஒன்று, பிராகில் ஒன்று. இதைச் சொல்லாவிட்டால், தான் பார்ப்பது ஒரு காலண்டரின் தாள் மாதிரி என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மலைக்கும் இதே கதைதான். புரூகெல் வாழ்ந்த ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) தட்டையான பூமி, அங்கே அப்படிக் கூர்கூராக நிற்கும் பாறைகள் கிடையாது. புரூகெல் 1550களின் தொடக்கத்தில் இத்தாலிக்குப் போய்வந்தபோது ஆல்ப்ஸைப் பார்த்தவர். அங்கே பார்த்ததைத் தன் ஊர் வயலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். உங்கள் பிள்ளைகள் உற்றுப் பார்த்துத் தப்பான பூகோளம் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள்.

கோடும் நிறமும்:
சார், தீயை நிறையப் பேர் குளிர் காய்வது என்றுதான் எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: ‘யாரும் கையை நீட்டிக் காயவில்லை. ஏதோ வேலை செய்கிறார்கள். எங்கள் ஊரில் வைக்கோல் போட்டுப் பன்றி வாட்டுவது இப்படித்தான் இருக்கும்.’ அதைக் கேட்டதும் மற்றவர்கள் திரும்பத் திரையைப் பார்த்தார்கள். அப்போது நான் மாதங்களின் வரிசையைப் பற்றிச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் தன் ஊரை நினைத்திருக்கவே மாட்டாள், நான் சொன்னதை எழுதிக்கொண்டிருப்பாள்.

மலை விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. கீழே சமவெளி, தேவாலயக் கோபுரம், அதற்கு மேல் சம்பந்தமில்லாத பாறை, இரண்டு ஊரை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அந்தக் கேள்வி வந்த பிறகு சொன்ன ஆல்ப்ஸை அவன் மறக்கமாட்டான்.

வியன்னாவாசி:
நான் இந்தப் படத்தை இங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். 117க்கு 162 சென்டிமீட்டர், ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம். நேரில் நின்றால் முதலில் தாக்குவது நிறம். வானமும் உறைந்த குளங்களும் கிட்டத்தட்ட ஒரே பச்சை கலந்த சாம்பல். எங்கே தரை முடிந்து வானம் தொடங்குகிறது என்று கண் தடுமாறும். பள்ளி புரொஜெக்டரில் இது வெளிறிய நீலமாகிவிடும். ‘இன்சைட் புரூகெல்’ என்ற இணையதளத்தில் வியன்னாவில் உள்ள படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பனிக்கட்டிமேல் சறுக்கி விழுந்தவனைக்கூட அதில் காட்டலாம்.

இங்கே வருபவர்களில் பலர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் நான் டீச்சர் பக்கம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
எழுதத் தயங்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். என் சின்னவனை இருபது நிமிடம் நோட்டோடு உட்காரவைத்தால் படத்தையே வெறுத்துவிடுவான். பென்சில் கொடுத்து ஏதாவது ஒரு மூலையை வரையச் சொன்னால் உட்காருவான். பார்க்காமல் வரைய முடியாதே.

கோடும் நிறமும்:
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் செய்கிறேன்.

வரலாற்று வாத்தியார்:
சரி, ஒன்று கேட்கிறேன். ஒருவன் சோகப் படம் என்கிறான், இன்னொருவன் பனியில் விளையாடுகிற கொண்டாட்டம் என்கிறான். இரண்டும் சரி என்று விட்டுவிடுவீர்களா? பிள்ளைகள் எதைச் சொன்னாலும் பாராட்டுவது கல்வி ஆகாது.

கோடும் நிறமும்:
விடமாட்டேன் சார். ‘எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் இருவரும் படத்தைப் பார்த்துப் பேசக் கற்பிப்பதற்காக உருவாக்கிய முறையில் இது ஒரு முக்கியக் கேள்வி. ஒரு பையன், இவர்கள் சண்டைக்குப் போகும் வீரர்கள் என்று எழுதியிருந்தான். கேட்டபோது ஈட்டியைக் காட்டினான். பக்கத்தில் இருந்தவள் அதே ஈட்டியில் தொங்கும் நரியைக் காட்டினாள். அவனே அடித்துவிட்டு வேறு எழுதினான். சோகம், கொண்டாட்டம் இரண்டுக்கும் படத்தில் ஆதாரம் இருக்கிறது. மேட்டில் வேட்டை பொய்த்துத் திரும்புகிறவர்கள், பள்ளத்தில் பனிக்கட்டிமேல் விளையாடுகிறவர்கள். இரண்டும் ஒரே பலகையில் ஏன் என்றுதான் கடைசிப் பத்து நிமிடம் பேசினோம்.

வரலாற்று வாத்தியார்:
நேற்று இரவு வியன்னாவாசி சொன்ன ‘இன்சைட் புரூகெல்’ தளத்தில் படத்தைத் திறந்து உட்கார்ந்தேன். 1564-65 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையானது, அதைச் சொல்லத்தான் நான் வருடாவருடம் இந்தப் படத்தைக் காட்டுகிறேன். இரண்டு நிமிடத்தில் ‘சிறு பனியுகம்’, அதாவது சில நூற்றாண்டுகள் நீண்ட குளிர்ந்த காலம், என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி தீப்பிடித்து எரிகிறது, அணைக்க ஏணியோடு ஓடுகிறார்கள். இத்தனை வருடத்தில் இதை நான் பார்த்ததே இல்லை, பிள்ளைகளுக்கும் காட்டியதில்லை. அது மனதை உறுத்துகிறது.

ஆனாலும் நாற்பது நிமிடப் பீரியடில் பாதியை மௌனத்துக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. என்னிடம் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ‘ஏ’ பிரிவுக்கு மாதங்களின் வரிசையைச் சொல்லிவிட்டுப் படம் காட்டுகிறேன், ‘பி’ பிரிவுக்கு உங்கள் முறை. நரி ஒன்றுதான் என்பதை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

கோடும் நிறமும்:
செய்யுங்கள் சார். ‘பி’ பிரிவுக்குப் புகைபோக்கியை மட்டும் நீங்களாகக் காட்டிவிடாதீர்கள். விவரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் படத்தை அணைக்காமல் ஐந்து நிமிடம் வையுங்கள்.