வெட்டுத்தோற்றம் கற்பிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் கட்டுமானம், வரைபடம், அச்சு வடிவமைப்பு மூன்றையும் தொழிற்கல்வியாகக் கற்பிக்கிறேன். 3-4-5 அளவில் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்க்க மாணவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), தாளை வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் என்பதும் பழகிவிட்டது.

வரைபடத்தில்தான் தடுமாற்றம். 1:50 அளவில் தளப்படத்தை அத்தனை அழகாக வரையும் மாணவி, அதே வீட்டின் வெட்டுத்தோற்றத்தை (வீட்டை மேலிருந்து கீழாக அறுத்தால் உள்ளே தெரிவதைக் காட்டும் படத்தை) கேட்டால் திகைத்து நிற்கிறாள். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்பதை வெட்டுத்தோற்றம்தான் காட்டும் என்று எத்தனை முறை விளக்கினாலும் மனக்கண்ணில் பதியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, குறை என் விளக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அட்டையில் மாதிரி வீடு செய்து, குறுக்கே அறுத்துக் காட்டினால் புரியுமா? கணினிக்குப் போகும் முன் எத்தனை வாரம் கையால் வரையவைக்கிறீர்கள்? கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.